குதிரையேற்றம் கற்றுவருகிறேன். ஒரு நாள் அருமையாகப் போகிறது, மறுநாள் எல்லாமே சொதப்புகிறது. இதிலிருந்து எப்படிக் கற்றுக்கொள்வது?

மோசமான நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நல்ல நாளைப் பற்றிப் பேசலாம், ஏனென்றால் நம்மில் பலர் வீணடிப்பது அதைத்தான். ட்ராட்டில், அதாவது குதிரையின் துள்ளுநடையில், உடம்பு தானாக எழுந்து உட்காருகிறது. அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் கேட்டவுடன் கிடைக்கிறது. சந்தோஷமாக இறங்கி, கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். இன்று ஏன் இவ்வளவு நன்றாக வந்தது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. சொதப்பிய நாளில் மட்டும் இரவெல்லாம் அதே யோசனை.

சேணத்தைக் கழற்றி வைத்ததும் ஒரு நோட்டில் சில வரிகள் எழுதுவது என் வழக்கம். நல்ல நாள் என்றால் கட்டாயம் எழுதுவேன். முதல் பத்து நிமிடம் என்ன செய்தோம், காற்று பலமாக இருந்ததா, முந்தின நாள் குதிரைக்கு வேலையா ஓய்வா, நான் என்ன மனநிலையில் ஏறினேன், இவ்வளவுதான். கொஞ்ச காலம் எழுதினால் சில விஷயங்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். நான் ஏறுவது வயதான ஒரு பெட்டைக் குதிரை. அதன் நல்ல நாட்கள் பெரும்பாலும், தொடக்கத்தில் லகானைத் தளர்த்தி நிதானமாக நடக்கவிட்ட நாட்களாகவே இருந்தன. நேரமில்லை என்று சீக்கிரம் ட்ராட்டுக்குப் போன நாட்களில் முதுகு பலகையாக விறைத்திருக்கும். எழுதிப் பார்த்திருக்காவிட்டால் இதெல்லாம் குதிரையின் 'மூடு' என்றே நினைத்திருப்பேன்.

நல்ல நாளில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, நம் கையும் காலும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்பது. காலால் அழுத்துகிறோம், குதிரை நகர்கிறது, அழுத்தத்தை விடுகிறோம். விடுகிற அந்தக் கணத்தில்தான் 'இதைத்தான் கேட்டார்கள்' என்று குதிரைக்குப் புரிகிறது. கொஞ்சம் தாமதமாக விட்டால், எதற்காக விட்டோம் என்றே அதற்குத் தெரியாது. இந்த நேரம் கச்சிதமாக அமைகிற நாளில் குதிரையிடம் மாற்றம் தெரியும். ஒரு காது நம் பக்கம் திரும்பும், கழுத்து சற்றே தாழ்ந்து நீளும், நீளமாக ஒரு மூச்சு விடும், கையில் லகானின் கனம் குறையும். அந்த நொடியில் உங்கள் விரல் எப்படி இருந்தது, பார்வை எங்கே இருந்தது என்று அப்போதே கவனித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்தால் வராது.

சரி, மோசமான நாள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: குதிரைக்கு எங்காவது வலிக்கிறதா? இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒரு சமயம் அந்தப் பெட்டை இடது பக்கம் திரும்பும்போது மட்டும் தலையை உதற ஆரம்பித்தது. திமிர் என்றார்கள், இன்னும் அழுத்தமாகப் பிடிக்கச் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகி, கன்னத்தின் உட்புறத்தைப் புண்ணாக்கியிருந்தது. குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருப்பவை. தேய்மானம் சமமாக இல்லாவிட்டால் ஓரம் கத்தியாகிவிடும், அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்கச் சொல்கிறார்கள். பல்லை அரத்தால் ராவி, புண் ஆறியதும் உதறல் நின்றுவிட்டது. சேணத்தைக் கழற்றும்போது முதுகின் வியர்வையையும் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறதோ என்று சந்தேகப்படலாம்.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, சூழலைப் பாருங்கள், அப்புறம் உங்களை. 2009-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் குதிரையை ஓட்டியும் சிலர் கையில் பிடித்து நடத்தியும் ஒரே தூரத்தைச் சில தடவை கடந்தார்கள். கடைசித் தடவைக்கு முன் அவர்களிடம், 'இப்போது குதிரை போகும்போது ஒரு குடை விரிக்கப்படும்' என்று சொல்லிவைத்தார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத் துடிப்பும் ஏறியது, குதிரைகளின் இதயத் துடிப்பும் ஏறியது. குதிரை மிரளப்போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டே ஒரு மூலையை நெருங்கினால், அது மிரள அந்த மூலையில் வேறு எதுவும் தேவையில்லை. அலுவலகச் சண்டையோடு ஏறுகிற நாளுக்கும் இது பொருந்தும். அப்படிப்பட்ட நாளில் நான் கேன்டரை விட்டுவிட்டு, நடையிலேயே வட்டம், நிறுத்தம், பின்னால் ஓரிரு அடி என்று சின்ன வேலைகளோடு முடித்துக்கொள்வேன். அந்த நாளில் கேட்பதைக் குறைப்பது குதிரைக்கு நாம் காட்டும் நியாயம்.

'நல்லபடியாக முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்' என்று ஒரு அறிவுரை உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். களைத்துப்போன குதிரையிடம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே போனால், கிடைப்பது முன்பு கிடைத்ததைவிட மோசமாகத்தான் இருக்கும். அதற்குத் தெரிந்த சுலபமான ஒன்றைக் கேளுங்கள், செய்ததும் லகானைத் தளர்த்துங்கள், அன்றைக்கு அது போதும்.

விழுந்த நாளுக்கு மட்டும் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'விழுந்தால் உடனே ஏறிவிடு, இல்லாவிட்டால் பயம் ஒட்டிக்கொள்ளும்' என்பார்கள். தலையில் அடிபட்டிருந்தால் இதைக் கேட்கவே கேட்காதீர்கள். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம், அதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் ஆபத்து அதிகம். அன்றைக்கு ஏறாமல் மருத்துவரைப் பாருங்கள். ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கலாம்.