போலிஸ் பென்ஷனும் அம்மாவின் சேமநிதியும்

அண்ணனுக்கு வணக்கம்.

என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். சம்பளத்தில் பிடித்துச் சேர்த்து 55 வயதில் எடுத்த ஊழியர் சேமநிதிப் (EPF) பணம் வீட்டுக்கும் தங்கை கல்யாணத்துக்குமே சரியாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற போலிஸ் சார்ஜன். அவருக்கு மாதம் தவறாமல் பென்ஷன் வருகிறது, அதுவும் நம் வரிப்பணத்தில். இதை நிறுத்த வேண்டாமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதை சார்ஜன் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். அவருடைய கடைசி அடிப்படைச் சம்பளம் 3,000 ரிங்கிட், சேவை 30 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவை மாதங்களை 600-ஆல் வகுத்துச் சம்பளத்தோடு பெருக்குவார்கள். மாதம் 1,800 வரும். சட்டம் தரும் உச்ச வரம்பே கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். ஓய்வு பெறும் அன்று பணிக்கொடையாக 81,000 கையில் கிடைக்கும். இதற்காக அவர் சம்பளத்திலிருந்து ஒரு காசும் பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் போலிஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 1948-இல் உங்கள் ஊர்த் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியதே, அந்த வருடங்களில் காட்டுக்குள் செத்த போலிஸ்காரர்கள் எத்தனை பேர்! வேலையில் சேரும்போது அரசு கொடுத்த வாக்கு அந்தப் பென்ஷன்.

வாக்குக் கொடுத்த அரசு அதற்கான பணத்தை எடுத்து வைத்ததா? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியான குவாப் (KWAP) 2007-இல் அமைந்தது. நகராண்மைக் கழகம் தன் ஊழியரின் சம்பளத்தில் 17.5 விழுக்காட்டை அதில் கட்டுகிறது. கூட்டரசு, அதாவது மத்திய அரசு, தன் ஊழியர்களுக்குக் கட்டுவதோ 5 விழுக்காடு. மிச்சத்தை யார் கொடுப்பது? பெரும்பகுதி அந்தந்த வருட வரவு செலவுக் கணக்கிலிருந்தே போகிறது. கடையில் சாமான் வாங்கும்போது விற்பனை வரியாக உங்கள் அம்மா கொடுப்பதும் அதில் சேர்த்தி. இன்னொன்று: அரசியலமைப்பின் 98-ஆவது விதிப்படி ஓய்வூதியம் கட்டாயச் செலவு. நாடாளுமன்றம் அதற்கு வாக்கெடுப்பு நடத்துவதில்லை. அதனால் இந்தச் செலவைப் பற்றி நாம் வாய் திறப்பதும் அபூர்வம்.

நிறுத்தலாமா என்றால், ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் முடியாது. 147-ஆவது விதி அவர்களைக் காக்கிறது. ஓய்வூதிய உயர்வு முறையை அரசு 2013-இல் மாற்றியது செல்லாது என்று 2023-இல் கூட்டரசு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து புதிதாகச் சேரும் பொதுச்சேவை ஊழியர்களைச் சேமநிதிப் பக்கம் திருப்பியதன் பலன் தெரிய முப்பது வருடமாவது ஆகும். அதுவரை பழைய பென்ஷனையும் கொடுக்க வேண்டும், புதியவர்களின் சேமநிதிக்கும் கட்ட வேண்டும்.

சார்ஜனின் பென்ஷனைப் பிடுங்கினால் உங்கள் அம்மா கைக்கு ஒரு வெள்ளியும் வரப்போவதில்லை. தோட்ட மக்களுக்கும் சாகும்வரை மாத வருமானம் வேண்டும். சேமநிதியை மொத்தமாக எடுத்துத் தீர்த்துவிடும் நிலை மாறவேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது இதைக் கேளுங்கள், அந்த 5 விழுக்காட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், அம்மாவுக்கு 60 வயது ஆகிவிட்டதா? வேறு வருமானம் இல்லையென்றால் சமூக நலத்துறையில் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்பச் சிரமமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள்.