ஸ்கேனில் நெளிந்து தெரியும் கழுத்துத் தமனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கழுத்து ஸ்கேன் அறிக்கையில் ‘டார்ச்சுவஸ்’ என்ற ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. தமனி நேராக இல்லாமல் நெளிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எனக்கு வயது 66. ஈசூனில் வசிக்கிறேன். தலைசுற்றலுக்காக எடுத்த டாப்ளர் ஸ்கேனில் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) இடது கழுத்துத் தமனி நெளிந்திருக்கிறது, அடைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். புகையும் மதுவும் தொட்டதில்லை. இது எங்கிருந்து வந்தது? பக்கவாதம் வருமா?

கலங்காதீர்கள் ஐயா. உங்கள் வயதில் நெளிவு இருப்பது மிகச் சாதாரணம். தலைசுற்றலுக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பு இருப்பதில்லை. உட்காதையும் மாத்திரைகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். கழுத்துத் தமனி மார்பிலிருந்து கிளம்பி, தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை மண்டையோட்டின் அடியில் உள்ள எலும்புத் துளை வழியாக மூளைக்குப் போகிறது. ஆக, கீழ்முனையும் மேல்முனையும் கட்டிப்போட்டவை. இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிய புதிதில் விறைப்பாக நிற்கும். வருடக்கணக்கில் ஈரத்துணி சுமந்த பிறகு கயிறு நீண்டு தொய்ந்துவிடும். இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தமனி இழுபட்டு மீள்கிறது. மீள வைக்கும் எலாஸ்டின் இழைகள் வயதாக ஆகத் துண்டுபட்டுப் போகின்றன, தமனி நீள்கிறது, நீண்டதற்கு இடமில்லாமல் நெளிகிறது. முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்து நாம் குள்ளமாவதால் தூண்களும் சற்றே நெருங்கி வருகின்றன.

அந்த ஈரத்துணியின் எடைதான் ரத்த அழுத்தம். வயதுக்கு அடுத்தபடியாக நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். பெண்களிடமும் உடல் பருமன் உள்ளவர்களிடமும் நெளிவு கூடுதலாகக் காணப்படுகிறது. புகையும் கொழுப்பும் சர்க்கரையும் முக்கியமாகத் தமனியின் உட்சுவரில் படிவை உண்டாக்குபவை; நெளிவுக்கு அவைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் புகை தொடாத உங்களுக்கும் நெளிவு வந்திருக்கிறது.

நெளிவு, சுருள், மடிப்பு என மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் முறையை வைபெல், ஃபீல்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1965இல் வகுத்தார்கள். இன்றும் அதையே பின்பற்றுகிறோம். நாங்கள் கவனமாகப் பார்ப்பது மடிப்பை. தமனி கூராக ஒடிந்து, அந்தக் கோணம் 30 பாகைக்கும் கீழே போனால் கடுமையானது என்போம். உங்களுக்கு இருப்பது வெறும் நெளிவு, அடைப்பும் இல்லை. நெளிவு மட்டும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் எதுவும் நேர்வதில்லை.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன்: வீட்டில் எடுத்த ரத்த அழுத்தம் எவ்வளவு? சிங்கப்பூரில் வயதுவந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை. காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை என்று ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். சராசரி 135/85ஐத் தொட்டால் அந்தத் தாளோடு உங்கள் மருந்தகத்துக்குப் போங்கள். அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் உங்களுக்கென ஒரு மருத்துவர் இருப்பார், அவரிடமே காட்டுங்கள்.

ஸ்கேன் எடுக்கும்போது திரையில் என் தமனி சிவப்பாக இருந்து திடீரென்று நீலமாக மாறியது. அந்த இடத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் சுருக்கம் என்று அறிக்கை சொல்கிறது. பிறகு எடுத்த சிடி ஸ்கேனில் சுருக்கமே இல்லை என்கிறார்கள். யாரை நம்புவது? (வாசகி, 71, பிடோக்)

நீல நிறத்தைப் பார்த்துப் பயந்த பலரை நான் இருட்டறையில் கையைப் பிடித்துச் சமாதானப்படுத்தியிருக்கிறேன் அம்மா. அந்த நிறம் கெட்ட ரத்தத்தைக் காட்டுவதில்லை. கருவியை நோக்கி ஓடும் ரத்தம் ஒரு நிறம், விலகி ஓடுவது இன்னொரு நிறம், அவ்வளவுதான். தமனி வளைந்து திரும்பும் இடத்தில் ஓட்டத்தின் திசை மாறுகிறது, நிறமும் மாறுகிறது.

சுருக்கக் கணக்கில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. டாப்ளர் நேரடியாகச் சுருக்கத்தை அளப்பதில்லை. ரத்தத்தின் வேகத்தை அளந்து, வேகம் கூடினால் குழாய் குறுகியிருக்கும் என்று ஊகிக்கிறது. அந்த வேகம் சரியாக வர, ஒலியலைக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். வளைவில் அந்தக் கோணம் அங்குலத்துக்கு அங்குலம் மாறும். போதாததற்கு வளைவின் வெளிப்பக்கத்தில் ரத்தம் இயல்பாகவே வேகமாகப் பாயலாம். இல்லாத சுருக்கம் அறிக்கையில் ஏறுவது இப்படித்தான். படிவு எதுவும் கண்ணில் படாமல் வேகம் மட்டும் கூடியிருந்தால், சிடி படத்தையே நான் நம்புவேன். இரண்டையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

என் தாயாருக்கு 74 வயது, குள்ளமான பருத்த உடல், 20 ஆண்டுகளாக ரத்த அழுத்தம். வலது காறை எலும்புக்குச் சற்று மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் துடிக்கிறது. கட்டியா? (மகள், தெம்பனிஸ்)

நீங்கள் வர்ணித்ததைப் படித்தபோது பல ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பாட்டி நினைவுக்கு வந்தார். அதே வயது, அதே இடம், அதே துடிப்பு. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கும்படி எழுதிய சீட்டோடு வந்திருந்தார். ஊசிக்கு முன் வழக்கப்படி ஜெல் தடவிக் கருவியை வைத்தேன். ‘கட்டி’ முழுவதும் ஒரே நிறமாக ஒளிர்ந்தது. கழுத்தின் அடியில் தமனி மேல்நோக்கி வில்லாக வளைந்து தோலை முட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊசி இறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நீண்டநாள் ரத்த அழுத்தமுள்ள, பருத்த, வயதான பெண்களுக்கு வலப்பக்கத்தில் இப்படி வருவது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட ஒன்று. வயதோடு நீளும் பெருந்தமனி மேலே எழும்பித் தன் கிளைகளையும் உந்துகிறது. அறுவை சிகிச்சை அநேகமாகத் தேவைப்படாது. ஆனால், சுவர் பலவீனப்பட்டுப் புடைத்த தமனி வீக்கமும் கைக்கு இப்படியே தட்டுப்படும். ஆகவே ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அதுவரை யாரும் அழுத்தித் தேய்க்க வேண்டாம், எண்ணெய் வைத்து நீவவும் வேண்டாம்.

‘அம்மா சமையலில் உப்பே குறைவு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, உணவங்காடி நிலையத்தில் வாங்கும் மீன் சூப் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தீர்களா? உப்பு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிதான். சூப்பில் மீனையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரைக் கிண்ணத்திலேயே விடச் சொல்லுங்கள். பொட்டாசியம் கலந்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்பாவுக்குக் கழுத்துத் தமனி சுருண்டிருக்கிறது. எனக்கு 31. எனக்கும் வருமா? (செங்காங்)

சுருள் பல நேரங்களில் பிறவியிலேயே வருவது. கருவில் இதயம் மார்புக்குள் இறங்கும்போது, வளைந்திருந்த தமனி இழுபட்டு நேராகிறது. சிலருக்கு அது முழுதும் நேராவதில்லை. அப்பாவுக்கு இருப்பதால் மட்டும் நீங்கள் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

நான் கவலைப்படுவது வேறு வகையான குடும்பங்களைப் பற்றி. அங்கே தெரியும் அடையாளங்கள் இவை: இளம் வயதிலேயே தமனிகள் பல இடங்களில் நெளிந்திருப்பது, பெருந்தமனி வெடித்தோ கிழிந்தோ உறவினர் இளம் வயதில் இறந்தது, மூட்டுகள் அளவுக்கு மீறி வளைவது, உள்நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருப்பது. இணைப்புத் திசுவின் மரபுக் கோளாறுகள் இப்படிக் காட்டிக்கொள்ளும். 2005இல் விவரிக்கப்பட்ட லோயிஸ்-டீட்ஸ் நோய் அவற்றில் ஒன்று. இவற்றில் எதுவும் உங்கள் வீட்டில் இருந்தால் மரபணு ஆலோசனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கிவிடுவார்கள். அதனால் தமனி வளையுமா?

வளையாது. ஆனால் கிழியலாம். திடீரென்று கழுத்தைத் திருகும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, இளைஞர்களுக்குக்கூடப் பக்கவாதம் வந்திருக்கிறது. அப்படிக் கிழிந்தவர்களிடம் நெளிந்த தமனிகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. தலையில் எண்ணெய் தேய்த்துவிடட்டும். கழுத்தில் கை வைத்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மடிப்பு இருக்கிறது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்துகொள்ளவா? (வாசகர், 69, ஜூரோங்)

மடிப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் கத்தி வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. அந்தப் பக்கத் தமனியால் பேச்சுக் குழறியது, ஒரு கை மரத்துத் துவண்டது, ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தது என்று ஏதாவது நடந்து, வேறு காரணமும் கிடைக்காவிட்டால் ரத்தநாள அறுவை மருத்துவரோடு பேச வேண்டும். நீண்டுபோன பகுதியை வெட்டி, நேராக்கித் தைப்பார்கள். தலையை ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் மயக்கம் வருகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். சில மடிப்புகள் திருப்பும்போதுதான் இறுகும்.

மேலே சொன்ன அறிகுறிகள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டாலும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைக்க வேண்டும். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து அந்த நேரத்தைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் படுத்தால் காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து ‘உஷ் உஷ்’ என்ற ஓசை. அடுத்த மாதம் தொண்டைச் சதை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். (வாசகி, 52)

நாடியோடு சேர்ந்த ஓசைக்கு நெளிந்த தமனி ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. ஆகவே முதலில் ஸ்கேன். அதைவிட அவசரமானது உங்கள் இரண்டாவது வரி. நெளிந்த தமனி சிலருக்குத் தொண்டையின் பின்சுவரை ஒட்டியே வந்து நிற்கும். வாயைத் திறந்து பார்த்தால் அங்கே துடிப்பது தெரியும். டான்சில் எடுக்கும் மருத்துவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அறுவை நாளுக்கு முன்பே அவரை அழைத்து இந்த ஓசையைப் பற்றிச் சொல்லுங்கள். ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு நகலை அவருடைய கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நாளைத் தள்ளிப்போடுங்கள்.