லூயிஸ்–கிளார்க் குறிப்பேடுகளில் வரும் பறவைகளை இன்றைய இனங்களோடு எப்படிப் பொருத்துவது? எவ்வளவு நம்பலாம்?

பறவை கையில் இருந்ததா, தூரத்தில் பறந்ததா என்பதை முதலில் பாருங்கள். லூயிஸ், கிளார்க் இருவர் தலைமையில் 1804–06இல் மிசௌரி ஆற்று வழியே பசிபிக் கரை வரை போய்த் திரும்பிய அமெரிக்க ஆய்வுக் குழுவின் குறிப்புகளில் பாதிக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும்.

1805 ஆகஸ்ட் 22 அன்று, இன்றைய ஐடஹோவில், பைன் காய்களைத் தின்னும் ஒரு பறவையைக் கிளார்க் பார்த்தார். அலகும் வாலும் வெள்ளை, சிறகு கறுப்பு, ராபின் அளவு. 'மரங்கொத்தி வகை' என்று எழுதிவிட்டார். மறு ஆண்டு மே மாதம் கிளியர்வாட்டர் ஆற்றங்கரையில் லூயிஸ் அதில் சிலவற்றைச் சுட்டெடுத்துப் பார்த்துக் காக்கை இனம் என்று எழுதினார். குரல் பூனை கத்துவது போல இருக்குமாம். இன்று அது கிளார்க் நட்கிராக்கர். (ராபின் என்றதும் நம்மூர்க் கருஞ்சிட்டை நினைக்காதீர்கள். அமெரிக்க ராபின் ஏறக்குறைய மைனா அளவு.)

கையில் கிடைத்த பறவையை லூயிஸ் எப்படிப் பதிவு செய்வார் என்பதற்கு 1804 அக்டோபர் நடுவில் எழுதிய ஒரு குறிப்பு நல்ல மாதிரி. உயிரோடு பிடித்த ஒரு பக்கி (இரவில் திரியும் பறவை). எடை 1 அவுன்ஸ் 17 கிரெயின். டிராய் அவுன்ஸ் என்றே குறித்திருக்கிறார், ஆகவே 28 அல்ல, 31.1 கிராம் கணக்கு; மொத்தம் சுமார் 32 கிராம். அரிகரா பழங்குடி மக்கள் அதை 'டோனா' என்பார்கள் என்றும் எழுதினார். 18ஆம் தேதி காலை வெப்பமானி 30 பாரன்ஹீட், அதாவது உறைநிலைக்குச் சற்றுக் கீழே. பறவையால் அசையவே முடியவில்லை. சிறகுக்கடியில் பேனாக்கத்தியைச் செருகி நுரையீரலையும் இதயத்தையும் சிதைத்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. காரணம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் 'உறக்க நிலைக்குப் போகிறது போலும்' என்று சரியாக ஊகித்திருந்தார். பூர்வில் எனும் இந்தப் பக்கி குளிர்காலத்தில் நீண்ட உறக்கத்தில் கிடக்கும் என்பதை எட்மண்ட் ஜேகர் கலிஃபோர்னியப் பாலையில் கண்டது 1946இல்தான்.

அளந்ததையும் மதிப்பிட்டதையும் பிரித்துப் படியுங்கள். 1806 பிப்ரவரியில், குழு குளிர்காலம் தங்கிய கடலோரக் கிளாட்சாப் கோட்டைக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னியா காண்டோர் எனும் பெரிய பிணந்தின்னிக் கழுகுக்குச் சிறகு விரிப்பு 9 அடி 2 அங்குலம், எடை 25 பவுண்டு. இரண்டும் இன்றைய அளவுகளுக்குள் வரும். 'நல்ல சதைப்பிடிப்போடு இருந்தால் இன்னும் 10 பவுண்டு கூடும்' என்பது வெறும் கணிப்பு. 35 பவுண்டு காண்டோர் கிடையாது.

1806 தொடக்கத்திலிருந்து லூயிஸின் இயற்கைக் குறிப்புகளைக் கிளார்க் பெரும்பாலும் அப்படியே பெயர்த்தெழுதினார். இருவரும் எழுதியிருப்பதால் இரண்டு சாட்சி என்று எண்ணினால் கணக்கு தப்பும். குறிப்பேடுகளின் 1814 பதிப்பை மட்டும் பார்க்காதீர்கள். அறிவியல் பகுதியை எழுத வேண்டிய இயற்கையியலாளர் பார்ட்டன் அதை எழுதாமலே 1815இல் இறந்துபோனார். பறவைக் குறிப்புகளில் பெரும்பகுதி அந்தப் பதிப்பில் இல்லை. மோல்டன் பதிப்பித்த நெப்ராஸ்கா பல்கலைக்கழக வெளியீட்டுத் தொகுதிகளே போதும், அடிக்குறிப்பில் இனப்பெயர்களும் உண்டு.

தேதியும் இடமும் ஏமாற்றும். சேஜ் கிரௌஸ் எனும் கௌதாரி போன்ற பறவையின் விரிவான வர்ணனை 1806 மார்ச் 2 தேதியிட்டு, கடலோரக் கோட்டையில் எழுதப்பட்டது. பறவையோ உள்நாட்டு வறண்ட சமவெளிக்குரியது. மழைக்காலத்தில் கோட்டைக்குள் உட்கார்ந்து, வழியில் கண்டதை எல்லாம் எழுதித் தீர்த்த பக்கங்கள் அவை. அவற்றை அப்படியே கடற்கரைப் பறவைப் பட்டியலில் ஏற்றிவிடாதீர்கள்.