ரேஞ்சர்ஸ் டிராஃப்டும் மகனின் 1,200 டாலரும்

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். கேள்வியின் சுருக்கம் இது:

"மகனுக்கு 14 வயது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். வீட்டுக்குப் பக்கத்திலேயே அதன் கிளை அணியான ரஃப்ரைடர்ஸின் மைதானம் இருப்பதால் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழே, வீரர்களை வளர்க்கும் மட்டம்) ஆட்டங்களுக்கும் போகிறோம். வருங்கால வீரர்களின் 'டாப் 30' பட்டியலை வரிசையாக ஒப்பிப்பான். ஆனால் அவனுக்குப் பிடித்தவர்களை எல்லாம் வேறு அணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டிலும் பட்டியலில் எங்கோ கீழே இருக்கும் பையனை முதலில் எடுக்கிறார்கள். அணி கஞ்சத்தனம் செய்கிறதா? இப்போது அவன் சேர்த்து வைத்திருக்கும் 1,200 டாலரை இந்த வீரர்களின் படம் போட்ட சேகரிப்புக் கார்டுகளில் போட வேண்டும் என்கிறான். எந்தக் கார்டு ஏறும் என்று ஒரு குரூப்பில் சொல்கிறார்களாம். விடலாமா?"

காசு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: விடாதீர்கள். அந்தக் குரூப்பைப் பற்றிப் பின்னால் வருகிறேன். கார்டு ஏன் வேண்டாம் என்பது புரிய, ஒரு அணி டிராஃப்டில் என்ன செய்கிறது என்று உங்கள் பையனுக்குத் தெரிய வேண்டும். அவன் மனப்பாடம் செய்திருக்கும் பட்டியல் அதைச் சொல்லாது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் பேஸ்பால் டிராஃப்டும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே யாரும் யாரோடும் போட்டி போட்டு விலை ஏற்ற முடியாது. அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். மொத்தம் 20 ரவுண்டு. முதல் பத்து ரவுண்டுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகையை நிர்ணயித்திருக்கிறது. அதை ஸ்லாட் என்பார்கள். ஒரு அணியின் ஸ்லாட்டுகளை எல்லாம் கூட்டினால் வருவதுதான் அந்த ஆண்டு புது வீரர்களை ஒப்பந்தம் செய்ய அதனிடம் இருக்கும் மொத்த போனஸ் பணம். அதை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த முதல் ரவுண்டு வாய்ப்பே பறிபோகும். 2012-ல் இந்த முறை வந்ததிலிருந்து ஒரு அணிகூட அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

ஆகவே மொத்தப் பணத்தைக் கூட்ட முடியாது. ஒரு இடத்தில் மிச்சம் பிடித்து இன்னொரு இடத்தில் கொட்டத்தான் முடியும். டிராஃப்ட் உத்தி என்று டிவியில் மணிக்கணக்காகப் பேசுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

உங்கள் அணியையே எடுத்துக்கொள்வோம். 2022 டிராஃப்டில் ரேஞ்சர்ஸுக்கு மூன்றாவது இடம். ஆனால் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் கோரி சீகரையும் மார்கஸ் செமியனையும் பெரும் பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்ததால், இரண்டாம் மூன்றாம் ரவுண்டு வாய்ப்புகளை விதிப்படி இழந்திருந்தார்கள். முதல் ஆள் போனால் அடுத்த ஆள் நான்காவது ரவுண்டில்தான். எல்லோரும் வேறு பெயர்களை எதிர்பார்த்திருக்க, அவர்கள் எடுத்தது குமார் ராக்கரை. பட்டியல்களில் அவர் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. அந்த ஸ்லாட் சுமார் 76 லட்சம் டாலர். ராக்கருக்குக் கொடுத்தது 52 லட்சம். இதைப் பார்த்துத்தான் பலர் கஞ்சத்தனம் என்றார்கள். மிச்சம் எங்கே போனது? நான்காவது ரவுண்டில் பிராக் போர்ட்டர் என்ற மிச்சிகன் பள்ளி மாணவரிடம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியாக இருந்ததால் அவர் பெரிய தொகை கேட்டார். மற்ற அணிகள் ஒதுங்கிக்கொண்டன. அவருடைய ஸ்லாட் ஆறு லட்சம்கூட இல்லை. ரேஞ்சர்ஸ் கொடுத்தது 37 லட்சம்.

அதனால் டிராஃப்ட் முடிந்ததும் உங்கள் பையன் பார்க்க வேண்டியது 'யாரை எடுத்தார்கள்' என்பதை அல்ல. மூன்று வாரம் கழித்து ஒப்பந்தங்கள் எல்லாம் முடிந்த பிறகு, யாருக்கு ஸ்லாட்டைவிட அதிகம் போனது, யாருக்குக் குறைந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். 11-லிருந்து 20 வரையிலான ரவுண்டுகளில் 1,50,000 டாலர் வரை கொடுத்தால் கணக்கில் வராது. அதற்கு மேல் ஒருவருக்குக் கொடுத்திருந்தால் அணிக்கு அவர்மேல் கண் இருக்கிறது என்று அர்த்தம். அணி மனதில் யாரை நம்புகிறது என்பது போன காசில் தெரியும். அந்த நம்பிக்கை பலிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிட்சரான (பந்து வீசுபவர்) போர்ட்டர் பிறகு ஸ்ட்ரைக், அதாவது சரியான இடத்தில் பந்து, வீசவே திணறினார்.

நிஜக் கஞ்சத்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. 2011 டிராஃப்டில் எடுத்த கெரிட் கோலுக்கு பிட்ஸ்பர்க் அணி 80 லட்சம் டாலர் கொடுத்தது. மறுவருடம் இந்த உச்சவரம்பு வந்தது. 2019 வரை, எட்டு ஆண்டுகள், அந்தத் தொகையை யாரும் தாண்டவில்லை. லீக்கின் வருமானம் மட்டும் அதே இடத்தில் நிற்கவில்லை. இந்த வரம்புக்கு ஒப்புக்கொண்டது வீரர்கள் சங்கம். டிராஃப்டுக்கு வரும் பள்ளிப் பையன் அந்தச் சங்கத்தில் உறுப்பினரே இல்லை, ஓட்டும் இல்லை. மேசையில் இல்லாதவனுடைய சம்பளத்தை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் சுலபம்.

சரி, காசைப் பார் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்களைப் போன்ற வாசகர்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வது அதைத்தான்: தொகை குறைந்ததற்குக் காரணம் திறமையாக இல்லாமல் மருத்துவ அறிக்கையாக இருப்பது. ராக்கர் விஷயமே அதற்கு உதாரணம். அம்மா இந்திய வம்சாவளி என்பதால் நம்மவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். 2019-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக, டியூக் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமல் அவுட்) செய்த பிட்சர். 2021-ல் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவதாக எடுத்து 60 லட்சம் டாலருக்குப் பேசி முடித்தது. பிறகு உடல் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஒரு டாலர்கூடக் கொடுக்க முன்வரவில்லை.

அப்படிச் செய்ய முடியுமா என்றால், அன்றைய விதிப்படி முடியும். டிராஃப்டுக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்து லீக்கிடம் கொடுத்த பிட்சருக்கு ஸ்லாட்டில் ஒரு குறிப்பிட்ட பங்கையாவது அணி தந்தாக வேண்டும். ராக்கர் கொடுக்கவில்லை. அதனால் பாதுகாப்பும் இல்லை. அவரை ஒப்பந்தம் செய்யாத மெட்ஸுக்கு என்ன தண்டனை? அடுத்த ஆண்டு 11-வது இடம் இழப்பீடாகக் கிடைத்தது! அணிக்கு நஷ்டம் ஒரே ஒரு படி. பையனுக்கு ஒரு வருடம். அவர் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, எந்தப் பெரிய அணியின் கிளையும் ஆடாத ஃபிரான்டியர் லீக்கில் சில ஆட்டங்கள் வீசிக் காட்டித்தான் 2022 டிராஃப்டுக்கு வந்தார். இப்போது விதி கொஞ்சம் தேவலை. முன்கூட்டியே பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளும் முன்னணி வீரர்களுக்கு ஸ்லாட்டில் 75 சதவீதம் உறுதி. ஒருவர் இப்படி அடிபட்டால்தான் விதி மாறும்போல.

ஆகவே முதல் ரவுண்டில் தொகை மிகவும் குறைந்திருந்தால், 'கஞ்சத்தனம்' என்று சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். மிச்சப் பணம் வேறு யாருக்காவது போனதா? அந்தப் பையனின் தோளிலோ முழங்கையிலோ ஏதாவது உண்டா? ராக்கருக்கு 2023-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சையும் நடந்தது. அதையும் தாண்டி 2024 செப்டம்பரில் ரேஞ்சர்ஸுக்காக மேஜர் லீக்கில் வீசினார்.

பட்டியல்களைப் பற்றி. 2020-ல், கோவிட் ஆண்டில், டிராஃப்ட் ஐந்தே ரவுண்டு நடந்தது. ரேஞ்சர்ஸ் இரண்டாவது ரவுண்டில் டென்னசியின் ஒரு சின்ன ஊர்ப் பள்ளியிலிருந்து எவன் கார்ட்டரை எடுத்தது. பட்டியல் போடுகிறவர்கள் யாரும் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டிருக்கவில்லை. நேரலையில் அவரைப் பற்றிச் சொல்லக்கூட ஆட்களிடம் விஷயம் இல்லை. மூன்றே வருடத்தில் அவர் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் மூன்றாவது இடத்தில் பேட் செய்தார். அதற்கு மறுவருடம் முதுகு வலியில் உட்கார்ந்தார். இரண்டையும் எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

அப்படியானால் பையன் எதைக் கவனிக்க வேண்டும்? எந்த மட்டத்தில் எந்த வயதில் ஆடுகிறார் என்பதை. 2025-ல் 19 வயது செபாஸ்டியன் வால்காட் ஃபிரிஸ்கோவில் ஆடினார். எதிரே நின்ற பிட்சர்களில் பெரும்பாலோருக்கு அவரைவிட நான்கைந்து வயது அதிகம். அவருடைய எண்கள் கண்ணைப் பறிக்கவில்லை என்றால் பரவாயில்லை, திணறாமல் நின்றாரே, அதுதான் செய்தி. அதே சமயம் கீழ்மட்டத்தில், ரேஞ்சர்ஸின் இன்னொரு கிளை அணியான ஹிக்கரியில், ஒரு 24 வயதுக்காரர் ஹோம் ரன்னாக அடித்துத் தள்ளினால் கைதட்டிவிட்டு மறந்துவிடலாம். பிட்சர் என்றால் வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம்; எத்தனை ஸ்ட்ரைக் அவுட், எத்தனை வாக் (மோசமாக வீசி பேட்டரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்புவது), அது போதும். உங்களுக்கு அதிர்ஷ்டம், டபுள்-ஏ (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள மட்டம்) உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வருங்காலத்தை வடிகட்டும் மட்டம் அதுதான். அதற்கு மேல்படியான ட்ரிபிள்-ஏ அணி ரவுண்ட் ராக்கில் பாதிப்பேர் மேலே போய் வந்த பழைய ஆட்கள். ஃபிரிஸ்கோ மைதானத்தில் வேலிக்கு அப்பால் உள்ள நீர் ஓடையில் மிதந்துகொண்டு பார்க்காமல், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காருங்கள்.

பிடித்தவர்கள் போய்விடுகிறார்கள் என்ற வருத்தத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. 2023 ஜூலைக் கடைசியில் மேக்ஸ் ஷெர்சருக்காக லூயிஸாங்கெல் அகூன்யாவையும், ஜோர்டன் மான்ட்கோமெரிக்காக தாமஸ் சகேஸி, டெகோவா ரோபி ஆகியோரையும் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட மூவரும் ஃபிரிஸ்கோ ஆட்கள். நவம்பர் 1-ம் தேதி ரேஞ்சர்ஸ் உலகத் தொடரை வென்றது. மைனர் லீக்கில் இருப்பவர்கள் அணிக்கு வீரர்கள் மட்டும் அல்லர், செலவழிக்கும் பணமும்கூட. மேலே கொண்டுவரும் நேரத்திலும் இதே கணக்குதான். 2015-ல் கிரிஸ் பிரையன்ட்டை ஷிகாகோ கப்ஸ் இரண்டு வாரம் தாமதமாகக் கூப்பிட்டது. ஒரு முழு ஆண்டுப் பணிக்கு 172 நாள் வேண்டும். அவருக்கு 171 வந்தது. ஒரே நாள் குறைந்ததால், அவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அணிக்கு இன்னொரு வருடம் லாபம். அவர் முறையிட்டார், தோற்றார்.

இப்போது அந்தக் குரூப்.

இந்தத் தொழிலில் முதல் ஏமாற்று பெயரில்தான் தொடங்கும். மைனர் லீக் வீரரின் போமன் என்ற வகைக் கார்டில் '1ஸ்ட்' என்று முத்திரை இருக்கும். அதை 'ரூக்கி கார்டு' (புதுமுக வீரரின் கார்டு) என்று சொல்லி விற்பார்கள். அது ரூக்கி கார்டு இல்லை. ரூக்கி முத்திரை மேஜர் லீக்கில் ஆடிய பிறகுதான் வரும். கையெழுத்து இல்லாத சாதா '1ஸ்ட்' கார்டுகள் மலைமலையாக அச்சாகின்றன.

அடுத்தது 'பிரேக்'. ஒருவர் கேமரா முன்னால் பெட்டியைப் பிரிப்பார். நீங்கள் முன்பே ஒரு அணிக்குக் காசு கட்டியிருப்பீர்கள். அந்த அணியின் கார்டு வந்தால் உங்களுக்கு. எல்லா அணிகளுக்கும் வசூலானதைக் கூட்டிப் பாருங்கள், பெட்டியின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த வித்தியாசம் பெட்டியைப் பிரிப்பவர் பாக்கெட்டில். பதினான்கு வயதுப் பையனுக்கு இதைச் சூதாட்டம் என்று யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

மூன்றாவது ரகம் உங்கள் மகன் இருப்பது: 'அடுத்த மைக் ட்ரவுட் (பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம்) யார்' என்று ரகசியம் சொல்லும் குரூப். யோசியுங்கள். ஒரு கார்டு ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தவர் அதை முந்நூறு பேரிடம் ஏன் சொல்ல வேண்டும்? தன்னிடம் இருப்பதை விற்க ஆள் வேண்டும் என்பதால். பையன்கள் வாங்கி விலை ஏறும்போது அவர் விற்றுவிட்டுப் போயிருப்பார். பிறகு ஒரு முழங்கை கிழியும், ஒரு ட்ரேடு (வீரரை வேறு அணிக்கு மாற்றுவது) நடக்கும், கார்டு உங்கள் மேசை டிராயரில் தூங்கும். பிட்சர் கார்டு என்றால் சொல்லவே வேண்டாம்.

வருங்காலத்தை முன்கூட்டியே வாங்கும் இந்தக் கூட்டம் வீரர்களையும் விட்டுவைப்பதில்லை. ஃபெர்னான்டோ டட்டிஸ் ஜூனியர் மைனர் லீக்கில் இருந்தபோது ஒரு நிறுவனத்திடம் முன்பணம் வாங்கி, வருங்கால மேஜர் லீக் வருமானத்தில் ஒரு பங்கு தருவதாகக் கையெழுத்திட்டார். 2021-ல் அவர் போட்ட ஒப்பந்தம் 34 கோடி டாலர். 2025-ல் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்.

பையனின் ஆசையை ஒரேயடியாக முறிக்க வேண்டாம். 1,200-ல் நூறு டாலரை மட்டும் ஒதுக்குங்கள். அவன் நேரில் பார்த்த ஒரு வீரரின் ஒரே ஒரு கார்டு, பேட்ஸ்மேனாக இருக்கட்டும், ஏற்கெனவே விற்றுமுடிந்த விலைகளைப் பார்த்துவிட்டு, தனிக் கார்டாக வாங்கட்டும். பெட்டி வேண்டாம், பிரேக் வேண்டாம். அதையும் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும் ட்ரேடு கெடு முடிந்த பிறகு. இதற்கிடையில் குரூப்பிலிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். அங்கே யாருக்காவது அவன் ஏற்கெனவே பணம் அனுப்பியிருக்கிறானா, அனுப்பியிருந்தால் கார்டு வீட்டுக்கு வந்ததா என்று இன்றைக்கே கேளுங்கள். வரவில்லை என்றால், எந்தச் செயலி வழியாகப் பணம் போனதோ அதில் உடனே புகார் கொடுங்கள்; நாள் கடந்தால் திரும்பப் பெறுவது கஷ்டம்.