மின்கட்டணம் பூஜ்யமாமே! – பயனீட்டாளர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கல்யாணமாகி ஓராண்டு ஆகிறது. கெப்போங்கில் 1,400 வெள்ளி (ரிங்கிட்) வாடகையில் இருக்கிறோம். "வாடகை கட்டுவது ஆற்றில் போடும் காசு, வீடு வாங்கு" என்று மாமனார் தினமும் சொல்கிறார். 450,000 வெள்ளிக்கு ஒரு கொண்டோ பார்த்திருக்கிறோம். இருவருக்கும் சேர்த்து 5,800 வெள்ளி சம்பளம். வாங்கலாமா?
– கோலாலம்பூர்

பதில்: தம்பி, மாமனாரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 10 விழுக்காடு முன்பணம் போக 405,000 வெள்ளி கடன். 4 விழுக்காடு வட்டி, 35 வருஷம் என்றால் மாதம் 1,793 வெள்ளி வரும். முதல் மாதம் நீங்கள் கட்டும் அந்தப் பணத்தில் 1,350 வெள்ளி வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 443தான். வாடகை ஆற்றில் போகிறது என்றால், இது எங்கே போகிறதாம்? அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம், அதில் பத்தில் ஒரு பங்கு சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு), மதிப்பீட்டு வரி, நில வரி, காப்புறுதி எல்லாம் உண்டு. ஏர்கோன் கெட்டால் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட முடியாது, வீட்டுக்காரரே நீங்கள்தான்.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 500,000 வெள்ளிக்கு உட்பட்ட முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2027 கடைசி வரை இருக்கிறது. உங்களுக்கு அதனால் வீட்டு மாற்றுப் பத்திரத்தில் 8,000 வெள்ளியும் கடன் ஒப்பந்தத்தில் 2,025 வெள்ளியும் மிச்சம். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்ரா கணக்கிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் 5,800 சம்பளத்தில் எல்லாம் சேர்ந்து 2,200ஐத் தொடும். கார் தவணை எவ்வளவு என்று கடிதத்தில் எழுதவே இல்லையே? குழந்தை பிறந்து ஒருவர் வேலையை விட்டால் என்ன ஆகும் என்று ராத்திரி உட்கார்ந்து பேசுங்கள். ஆறு மாதம், அந்த 2,200இல் வாடகை போக மிச்ச 800 வெள்ளியைத் தனியாகப் போட்டுவாருங்கள். முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் பதில் தெரிந்துவிட்டது.

கேள்வி: ஏஜெண்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் வீட்டுப் படம் அனுப்பி, இன்றே 500 வெள்ளி முன்பதிவுப் பணம் அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். போடலாமா?
– சுங்கை ஆரா

பதில்: போடாதீர்கள்.

கேள்வி: ஜெலுத்தோங்கில் லெலோங்கில் (ஏலத்தில்) ஒரு அடுக்குமாடி வீடு 168,000 வெள்ளிக்கு எடுத்தேன். 16,800 கட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால் பழைய உரிமையாளர் குடும்பம் இன்னும் உள்ளே இருக்கிறது. பராமரிப்புப் பாக்கி 9,400 என்கிறது நிர்வாகம். பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?
– பினாங்கு

பதில்: வழி இல்லை. ஏலம் கேட்டுக் கட்டிய பிறகுதான் போய்ப் பார்த்தீர்களா? மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், 168,000 வெள்ளி வீட்டை வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை. ஏல அறிவிப்புப் பத்திரத்தில், 'இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்' விற்கிறோம், காலி வீடாகக் கொடுப்போம் என்று உறுதி இல்லை என்று எழுதியிருக்கும். அதைப் படித்தீர்களா?

சரி, இனி செய்ய வேண்டியது. அதே பத்திரத்தில் பாக்கியை யார் ஏற்பது என்ற பிரிவைத் தேடுங்கள். சில ஏலங்களில் வங்கி ஒரு பகுதியை ஏலப் பணத்திலிருந்து கொடுக்கும், சிலவற்றில் முழுவதும் உங்கள் தலையில் விழும். நிர்வாகத்திடம் பாக்கிப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். மீதிப் பணத்துக்குக் கெடு 90 நாளா 120 நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறினால் அந்த 16,800 போயே போச்சு. உள்ளே இருப்பவர்களிடம் கண்ணியமாகப் பேசுங்கள். அவர்களும் வீட்டை இழந்தவர்கள்தான். இடம் மாறக் கொஞ்சம் பணம் கொடுப்பது, வழக்குப் போட்டு வெளியேற்றுவதைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும். தண்ணீரை வெட்டுவது, பூட்டை மாற்றுவது போன்ற யோசனைகளை எந்த நண்பர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: நானும் கணவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. புக்கிட் மெர்தாஜாமில் வரிசை வீடு. மின்கட்டணம் மாதம் 180 வெள்ளி வருகிறது. சோலார் விற்பவர் வீட்டுக்கே வந்து, 22,000 வெள்ளிக்கு 5 கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம், 4 வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார். கிரெடிட் கார்டில் 60 மாதத் தவணை, வட்டி இல்லை. நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சரிதானே?

பதில்: சகோதரி, இந்த ஒரு கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப்போகிறேன். இதே மாதிரி கடிதங்கள் வந்து வந்து எனக்கு அலுத்துவிட்டது.

அவர் சொன்னபடியே பில் சுத்தமாகப் பூஜ்யம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 22,000ஐ 180ஆல் வகுங்கள். 122 மாதம், பத்து வருஷத்துக்கும் மேல். 4 வருஷத்தில் திரும்ப வேண்டுமானால் மாதம் 458 வெள்ளி மிச்சமாக வேண்டும். உங்கள் பில்லே 180தானே அம்மா! தவணையோ மாதம் 367 வெள்ளி. 180ஐ ஒழிக்க 367 கட்டப்போகிறீர்கள். விற்பவர் உங்கள் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தபோது இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அவர் காட்டிய தாளில் 'ஒன்றுக்கு ஒன்று கழிவு' என்று எழுதியிருந்தால், அது பழைய காலத்துத் தாள். கூரையிலிருந்து வெளியே போகும் ஒரு யூனிட்டுக்கு உள்ளே வரும் ஒரு யூனிட்டை முழு விலையில் கழித்த நெம் திட்டம் 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து சோலார் அத்தாப் திட்டம். நம் பில்லில் யூனிட் விலை 2025 ஜூலையிலிருந்து மூன்றாகப் பிரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீடுகளுக்கு எரிசக்திக்கு யூனிட்டுக்கு 27.03 சென், கொள்திறனுக்கு 4.55 சென், வலையமைப்புக்கு 12.85 சென். நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு முதல் பகுதி மட்டும்தான் வரவு. மிஞ்சிய வரவை அடுத்த மாதத்துக்குச் சேர்த்துவைக்கவும் முடியாது.

அதனால் பகலில் வீட்டிலேயே செலவழிக்கிற மின்சாரம்தான் லாபம். உங்கள் வீட்டில் பகலில் யார் இருக்கிறார்கள்? ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஏர்கோன் ஓடுவது ராத்திரி பத்து மணிக்கு. சூரியன் அப்போது வேறு ஊரில்.

சோலாரே மோசம் என்று சொல்லவில்லை. உங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) தாத்தா பாட்டி பகல் முழுக்க வீட்டில் இருந்து, 600 வெள்ளி பில் கட்டுகிற வீட்டுக்கு அதே 5 கிலோவாட் நன்றாகவே உழைக்கும். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பலகை மாதம் நூறு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடக்குறையக் கொடுக்கும். அப்படிப்பட்டவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: நிறுவனம் செடாவில் (நிலையான எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்தில்) பதிந்ததா, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு. பலகைக்கு 25 வருஷம் என்று பெருமையாகச் சொல்வார்கள். முதலில் கெடுவது இன்வெர்ட்டர்தான். என் வீட்டுக் கூரையில் ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. உத்தரவாத அட்டை பத்திரமாக இருக்கிறது, அட்டை கொடுத்த நிறுவனம் இல்லை. இப்போது புறாக்கள் அதன் மேல் குடும்பம் நடத்துகின்றன.

இன்னொன்று. வட்டியில்லாத் தவணை என்றால் வங்கி முழுப் பணத்தையும் விற்பவருக்கு முதலிலேயே கொடுத்துவிடும். வேலை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது.

நேற்றுத்தான் கையெழுத்து என்றால் தப்பிக்க நேரம் இருக்கிறது. வீடு தேடி வந்து விற்றதால் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி 10 நாளுக்குள் ரத்து செய்யலாம். வாட்ஸ்அப்பில் இல்லை, கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கிக்கும் ஒரு நகல். இன்றைக்கே.

கேள்வி: செந்தூலில் கொண்டோ வீட்டுப் பால்கனியில் இரண்டு சோலார் பலகை மாட்டலாமா?

பதில்: வெளிச்சுவரும் மொட்டைமாடியும் பொதுச் சொத்து. நிர்வாகத்தைக் கேளுங்கள். என்ன சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கேள்வி: 420,000 வெள்ளிக்கு வாங்கிய கொண்டோ 150 நாள் தாமதமாகக் கிடைத்தது. மேம்பாட்டாளர் 5,000 வெள்ளியும் திரைச்சீலை வவுச்சரும் தருவதாகச் சொல்லி, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற கடிதத்தில் கையெழுத்து கேட்கிறார்.
– செத்தாப்பாக்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. இந்தப் பணம் அவர் போடும் பிச்சை இல்லை. வீடமைப்புச் சட்டத்தின் ஒப்பந்தப்படி கொண்டோவுக்கு 36 மாதக் கெடு. தாண்டினால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு, நாள் கணக்கில். உங்களுக்கு ஒரு நாளைக்கு 115 வெள்ளி 7 சென். 150 நாளுக்கு 17,260 வெள்ளி. அவர் தருவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒப்பந்தத்துக்கு முன்பே முன்பதிவுப் பணம் வாங்கினாரா? ரசீதைத் தேடி எடுங்கள். அந்தத் தேதியிலிருந்தே கெடு தொடங்கும் என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் 150 நாள் இன்னும் கூடலாம். வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கேட்கலாம். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். அவருக்கு வழக்கறிஞர் படை இருக்கும், உங்களுக்குச் சாவி வாங்கிய கடிதமும் ஒப்பந்தமும் போதும்.

கேள்வி: இரண்டு வருஷம் 1,300 வெள்ளி வாடகையில் இருந்து காலி செய்தோம். 3,250 வெள்ளி வைப்புத்தொகையில், சாயம் பூச 1,800 என்று கழித்துவிட்டு மிச்சத்துக்கும் பதில் இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?
– பட்டர்வொர்த்

பதில்: அங்கே போனால் நில, வீட்டு விவகாரம் என்று கதவைச் சாத்தக்கூடும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை வழக்குப் போடலாம், வழக்கறிஞர் வேண்டாம். அதற்கு முன் வீட்டுக்காரருக்கு 14 நாள் கெடு வைத்துக் கடிதம் எழுதி, சாயம் பூசியதற்கு ரசீது கேளுங்கள். இரண்டு வருஷம் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும், அதற்குக் குடியிருந்தவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் முத்திரை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அபராதத்தோடு முத்திரை போட்டுவிட்டுத்தான் நீதிமன்றத்தில் காட்ட முடியும். குடிபுகுந்த அன்று எடுத்த படங்கள் பழைய ஃபோனில் இருந்தால், அந்த ஃபோனைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள்.