வித்வானுக்குப் பின்னால் நிற்க ஓர் இடம் வேண்டும்: நாயனம், தவில் கேள்வி பதில்

நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிப்பதுதான் என் தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தொழில் செய்துகொண்டே அடுத்த தலைமுறைக்கு எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். தவில் பற்றிய இடங்களை எங்கள் செட்டுத் தவில்காரரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோவையிலிருந்து ஓர் அம்மா): ஐயா, ஊர்த் திருவிழாவில் கேட்டதிலிருந்து மகன் நாதஸ்வரம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். 10 வயது. நேராக வாத்தியத்தைக் கையில் கொடுத்துவிடுவீர்களா?

பதில்: கொடுக்க மாட்டோம் அம்மா. முதலில் பாடச் சொல்வோம். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் மூன்று வேகத்திலும் வாயால் பாடி, கையில் தாளம் நின்ற பிறகுதான் நாயனக் குழல். ஹார்மோனியத்தில் கட்டையை அமுக்கினால் அந்த ஸ்வரம் வந்துவிடும். நாயனத்தில் விரல் சரியான துளையில் இருந்தாலும் மூச்சு தளர்ந்தால் ஸ்வரம் இறங்கிவிடும், உதடு இறுகினால் ஏறிவிடும். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் பாதி விரலில், பாதி காற்றில் வருகிறது. ஸ்வரம் எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குத் தெரியாத பிள்ளைக்கு விரல் வைக்கும் முறையைச் சொல்லிப் பயனில்லை.

பாட்டு நின்ற பிறகு, குழலின் நுனியில் செருகி ஊதும் சீவாளியை மட்டும் கொடுத்து ஊதவைப்போம். பிறகு குழலில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தச் சொல்வோம். கச்சேரியில் வாசிக்கும் பாரி நாயனம் ஏறக்குறைய இரண்டரை அடி இருக்கும், 10 வயது விரல் எட்டாது. குட்டையான திமிரியில் தொடங்கலாம். இந்த வருஷம் வாத்தியம் வாங்க வேண்டாம், பாட்டு வாத்தியாரிடம் அனுப்புங்கள்.

கேள்வி (இசைக் கல்லூரி மாணவர்): அண்ணா, குருகுலம் குருகுலம் என்கிறார்கள். எங்களுக்கும் தினமும் வகுப்பு நடக்கிறது, ஆசிரியர்களும் நல்ல வித்வான்கள். அப்படி அங்கே என்னதான் அதிகமாகக் கிடைத்தது?

பதில்: நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வித்வான் வீட்டில் தங்கிய பையனுக்கு உட்காரவைத்துப் பாடம் சொன்ன நேரம் உண்மையில் குறைவு. காலையில் சாதகம் (பயிற்சி), அதன் பிறகு வீட்டு வேலை, கடைவேலை. பாடம் என்று பார்த்தால் உங்கள் கல்லூரியில் அதைவிட அதிகமாகவே நடக்கிறது.

அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மேளத்தில் ஓர் இடம். அந்தக் காலத்து மேளத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவிலோடு தாளம் போட ஒருவர், ஒத்து ஊத ஒருவர் இருப்பார்கள். ஒத்து நாயனம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. சுருதி மட்டும் கொடுக்கும். வாயில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, சத்தம் அறுந்துபோகாமல் ஊத வேண்டும். சீடப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்த ஒத்தும் தாளமும்தான் முதல் வேலை.

இதில் என்ன படித்தான் என்று பாருங்கள். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி தொடங்குகிறது. அதற்குச் சாகித்யம் (பாட்டு வரிகள்) கிடையாது, தாளத்தோடு விளையாடுகிற உருப்படி. கையில் தாளத்தோடு நிற்கும் பையன் ஒரு அட்சரம் தவறவிட்டால் தவில்காரர் திரும்பிப் பார்ப்பார். அவனுக்கு லயம் அங்கேதான் உடம்பில் ஏறியது. வீதியில் நின்று வித்வான் ராக ஆலாபனை செய்வார். அதே தோடி ராகத்தை நேற்று ஒரு விதமாகத் தொடங்கியவர் இன்று வேறு விதமாகத் தொடங்குவதை அவன் கேட்டான். கூட்டம் கலைந்தால் எப்படிச் சுருக்குகிறார், எதிரில் ரசிகர் ஒருவர் நின்றுவிட்டால் எப்படி நீட்டுகிறார், விடியும்போது ஏன் பூபாளத்துக்கு வருகிறார், பள்ளியறைக்கு ஏன் நீலாம்பரியை எடுக்கிறார் என்பதையெல்லாம் யாரும் அவனிடம் சொல்லவில்லை. ராத்திரி ராத்திரியாக அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த படி இரண்டாம் நாயனம். பெரியவர் ஒரு பிடி (ராகத்தின் ஒரு சிறு துண்டு) வாசித்து நிறுத்தினால் அதை வாங்கி வாசிக்க வேண்டும். காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) இப்படித் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோடு இரண்டாம் நாயனம் வாசித்து வளர்ந்தவர். இன்று எங்கள் செட்டுகளில் ஒத்து இல்லை, மின்சாரச் சுருதிப் பெட்டி இருக்கிறது. இரவு முழுக்க நடந்த ஊர்வலங்கள் பல ஊர்களில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டன. ஆரத்தி நேரத்து மேளத்துக்குச் சில கோயில்களில் மோட்டார் வைத்த இயந்திரமே வந்துவிட்டது. அது ஓடும் இடத்தில் எல்லாம் ஒரு பையன் நின்று கேட்க வேண்டிய இடம் போய்விட்டதே என்று எனக்கு வேதனையாக இருக்கும். கல்லூரியில் உங்களுக்குக் கிடைக்காதது இந்த இடம்தான். லீவு நாளில் ஏதாவது ஒரு செட்டோடு போய் நில்லுங்கள்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் சுருதிப் பெட்டி கெடுதலா அண்ணா?

பதில்: இல்லை. அது சுத்தமாகச் சுருதி தருகிறது, மணிக்கணக்கில் ஒத்து ஊதிக் கன்னம் வலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெட்டி இருக்கட்டும். பையன் கையில் தாளத்தைக் கொடுத்து மேளத்தோடு நிற்கவையுங்கள் என்பதுதான் நான் வாத்தியார்களிடம் கேட்பது.

கேள்வி (மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 வருஷப் படிப்பு இருக்கிறதே, அது போதுமா?

பதில்: நல்ல தொடக்கம் ஐயா. தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார்கள். இசைக் குடும்பம் இல்லாத, கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தது இந்தப் பள்ளிகள்தான். இவற்றைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் 3 வருஷத்தில் கீதம், வர்ணம், சில கீர்த்தனைகள் வரும். ஒரு ராகத்தை அரை மணி நேரம் வாசிக்க வராது. அதனால் சான்றிதழ் வாங்கிய கையோடு, வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு வித்வானிடம் போய்ச் சேர வேண்டும். அங்கேயிருந்து வந்த பிள்ளைகளை நான் முதலில் கோயில் உற்சவத்துக்குத்தான் அழைத்துப்போவேன். கல்யாணத்தில் கெட்டிமேளம் எப்போது என்ற பதற்றத்திலேயே நேரம் போய்விடும், சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டும் வரும். கற்றுக்கொள்ள உற்சவம் நல்ல இடம்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து கல்லூரி மாணவி): பெண்பிள்ளைகளுக்கு மனதோடு சொல்லிக்கொடுப்பார்களா?

பதில்: சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மதுரை பொன்னுத்தாய் அந்தக் காலத்திலேயே தனி மேளம் வைத்து வாசித்தவர். இன்று காலீஷாபி மகபூப், கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து வாசிக்கிறார். இருவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மூச்சு பெண்களுக்குப் போதாது என்று யாராவது சொன்னால் அவர்கள் வாசிப்பைக் கேட்கச் சொல்லுங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராத்திரிப் பயணம், வெளியூரில் தங்கும் இடம், உடைமாற்ற ஓர் அறை. பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு மேளத்துக்கு அழைத்துப்போகாமல் விட்டால் பெண்ணுக்குப் பாதி வித்தைதான் கிடைக்கும். கச்சேரிக்கு ஒப்புக்கொள்ளும்போதே இந்த வசதிகளைப் பேசி வாங்குவது குருவின் பொறுப்பு. குருவைத் தேடும்போது இதையும் கூச்சப்படாமல் கேளுங்கள் அம்மா.

கேள்வி (திருச்சியிலிருந்து ஐ.டி. ஊழியர்): எங்கள் குடும்பத்தில் யாரும் வாசித்ததில்லை. பரம்பரைக்காரர்கள் வெளியாளுக்கு எல்லாவற்றையும் சொல்லித்தருவார்களா?

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஷேக் சின்ன மௌலானா (1924-1999) ஆந்திராவின் கரவதியில் நாயனம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர்ப் பாணி வேண்டும் என்று நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து கற்றுக்கொண்டார். ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, 1982இல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரமமும் தொடங்கினார். மொழி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. கேட்டவருக்குக் கொடுத்தார்கள், அவரும் மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

ஆனாலும் மறைத்து வைக்கிற பழக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். சில உருப்படிகளை மகனுக்கோ மருமகனுக்கோ மட்டும் சொல்பவர்கள் உண்டு. நாயனமும் தவிலும் சேர்ந்து வாசிக்கும் பழைய உருப்படியான ரக்தி மேளத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று மிகவும் குறைந்துபோனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் உருப்படி அப்பாவோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி (டொரண்டோவிலிருந்து): அண்ணை, என்ர மகன் இங்க பிறந்தவன். இணையவழியில தவில் படிக்கிறான். இது சரிவருமா?

பதில்: ஓரளவுக்கு வரும். தவிலின் தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்லி, அதைப் பலகையில் கோலால் தட்டிப் பழகும் ஆரம்பப் பாடம் திரையில் நன்றாகவே நடக்கும். சேர்ந்து வாசிப்பது முடியாது. சத்தம் போய்ச்சேரத் தாமதமாகும், அந்தத் தாமதத்தில் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) ஆட்டம் காணும். வலக்கை விரல்களில் கூடு மாட்டி அடிக்கும்போது நாதம் எப்படி விழுகிறது என்பதையும் கைப்பேசி காட்டிக்கொடுக்காது.

தவிலில் உங்கள் யாழ்ப்பாண மண் பெரிய மண். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியை (1933-1975) இங்கே தவில்காரர்கள் இன்றும் பெயரைச் சொல்லும்போதே நிமிர்ந்து உட்காருவார்கள். அவருக்கும் முதல் பாடம் அப்பா விஸ்வலிங்கத்திடம்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான்கள் அங்கே திருவிழாக்களுக்கு வருவதும், அங்குள்ள பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படிப்பதும் பழைய வழக்கம். முடிந்தால் பள்ளி விடுமுறையை நல்லூர்த் திருவிழாவோடு பொருத்துங்கள். அந்த 25 நாளும் மேளத்தின் பக்கத்தில் அவன் நிற்கட்டும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): அடித்தால்தான் வித்தை வரும் என்று என் மகனின் வாத்தியார் சொல்கிறார்.

பதில்: வாத்தியாரை மாற்றுங்கள். பயந்த பிள்ளைக்கு மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், தோள் இறுகும். அந்த மூச்சில் நாயனம் பேசாது. சுருதி விலகினால் நூறு தடவை திரும்ப வாசிக்கச் சொல்லலாம், கை ஓங்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் இல்லை.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து இளம் கலைஞர்): பாடத்தைக் கைப்பேசியில் பதிவு செய்யப் பிள்ளைகளை அனுமதிக்கலாமா? பழைய ரெக்கார்டுகளைக் கேட்டுப் படிக்கச் சொல்லலாமா?

பதில்: பாடம் மனப்பாடம் ஆன பிறகு பதிவு செய்யட்டும். அதற்கு முன் பதிவு செய்தால் 'வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்' என்று காது தூங்கிவிடுகிறது.

பழைய ரெக்கார்டு கட்டாயம் கேட்க வேண்டும், ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்கவையுங்கள். பழைய 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். ராஜரத்தினம் பிள்ளை வீதியில் மணிக்கணக்கில் வாசித்த தோடியைத் தட்டில் அந்த அளவுக்குள் அடக்க வேண்டியிருந்தது. தட்டை மட்டும் கேட்ட பிள்ளை எல்லாப் பிடிகளையும் முதல் நிமிஷத்திலேயே கொட்டிவிடும். என் பிள்ளைகளிடம் நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தட்டில் இருக்கும் ஒரே ஒரு பிடியை எடுத்து, அதையே கால் மணி நேரம் விரித்து வாசிக்கச் சொல்வேன்.

கேள்வி (அதே கலைஞர்): எனக்கு 25 வயது. நிறைய வாசிக்கிறேன். சீடர் எடுத்துக்கொள்ள இது சரியான வயதா? நேரம் எங்கே கிடைக்கும்?

பதில்: வயது சரிதான் தம்பி. கீதத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் உங்கள் விரல் எங்கே சோம்புகிறது என்று தெரியவரும்.

நேரத்துக்குப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில்தான் புதிய வர்ணம், புதிய கீர்த்தனை. தை பிறந்தால் புதிய பாடத்தை நிறுத்திவிடுவேன். படித்ததை மேளத்தில் கேட்டு, வாசித்துப் பழகும் காலம் அது. அட்டவணை போட்டு வாரம் இரண்டு வகுப்பு என்று நடத்தப்பார்த்தால் தொழில் செய்கிறவர்களுக்கு முடியாது, பாதி வகுப்பு ரத்தாகும், பிள்ளைக்கும் மனசு விட்டுப்போகும்.

இரண்டு மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள். மேளத்துக்கு அழைத்துப்போகக்கூடிய எண்ணிக்கைதான் அளவு. அழைத்துப்போனால் தாளம் போட்ட பையனுக்கும் சன்மானத்தில் ஒரு பங்கு கொடுங்கள், பேருந்துக் காசும் சாப்பாடும் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பணத்தை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான், இந்தத் தொழிலுக்கு அனுப்பலாம் என்று அவன் அம்மாவுக்கு நம்பிக்கை வரும். சொந்தமாக வாசிக்க முதல் வாய்ப்பையும் நீங்களே கொடுங்கள். புறப்பாட்டில் வீதி திரும்பும் இடத்தில் சின்னதாக ஒரு ராகம் வாசிக்க விட்டு, நீங்கள் அமைதியாக நில்லுங்கள். தப்பு வந்தால் அங்கேயே முகம் சுளிக்க வேண்டாம், மறுநாள் காலையில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி (சேலத்திலிருந்து, நாயனம் கற்கும் மாணவர்): சீவாளி அடிக்கடி காலை வாரிவிடுகிறது. இதையும் குரு சொல்லித்தர வேண்டுமா, கடையில் நல்லதாக வாங்கினால் போதுமா?

பதில்: குருதான் சொல்லித்தர வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல குழலாகவே இருக்கட்டும், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற வாத்தியம் அது, சீவாளி சரியில்லை என்றால் பேசாது. சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது. திருவாவடுதுறையில் செய்பவர்கள் பேர்பெற்றவர்கள். ஒரே கையால் செய்த இரண்டு சீவாளி ஒன்றுபோல் இருக்காது, ஒரே சீவாளி காலையிலும் ராத்திரிப் பனியிலும் ஒன்றுபோல் இருக்காது. நாயனத்தில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், மாற்றுச் சீவாளிகளும் ஊசியும்தான் அவை. உங்கள் குரு வாசிப்பதற்கு முன் அதில் எதை எடுக்கிறார், எவ்வளவு நேரம் வாயில் ஊறவைக்கிறார், வாய்ப்பக்கத்தை எப்படி விரிக்கிறார் என்று கவனியுங்கள், ஏன் என்று கேளுங்கள். புதிதாக வாங்கியதை வீட்டில் சில நாள் ஊதிப் பழக்குங்கள். நேராகத் திருவிழாவுக்கு எடுத்துப்போக வேண்டாம்.