அமராவதி நளகிரி சிற்பத்தில் ஏன் இரண்டு யானைகள்?

இரண்டு இல்லை, ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபியைச் சேர்ந்த இந்தச் சிற்பத்தில் இருப்பது ஒரே யானைதான். புத்தரைக் கொல்ல அவருடைய உறவினனும் எதிரியுமான தேவதத்தன் ராஜகிருக நகரத் தெருவில் ஏவிவிட்ட நளகிரி என்ற யானையின் கதை அது. வட்ட வடிவச் சிற்பத்தின் இடப்பக்கம் மதம் பிடித்து ஓடிவந்து ஒருவனைத் துதிக்கையால் பிடித்திருக்கிறது, வலப்பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிடுகிறது. நடுவில் கோடோ சட்டமோ எதுவும் கிடையாது, நம் கண்தான் இடமிருந்து வலமாக நகர்ந்து கதையை ஓட்டிக்கொள்ள வேண்டும். பார்ஹுத், சாஞ்சி பௌத்த ஸ்தூபிகளின் சிற்பிகளும் இப்படி ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களும், பயத்தில் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்ளும் பெண்ணும்தான். சுமார் 1,800 ஆண்டுப் பழைய சுண்ணாம்புக்கல் அது, இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம், போனால் அவசரப்படாமல் இடப்பக்கத்திலிருந்து பாருங்கள்.